அனுபோகச் சீட்டும் கிரயப் பத்திரமும்

அட்லாண்டாவில் குடியேறி ஒன்பது ஆண்டுகள் கழிந்த பின்னர்தான், சென்ற மாதம், சவானாவைப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. தென்கிழக்கே நான்கு மணி நேரக் கார்ப் பயணம். ஜார்ஜியா மாநிலத்தின் மிகப் பழைய நகரமான அது சிறு சிறு சதுக்கங்களாக வகுக்கப்பட்டது. சதுக்கம்தோறும் பெரிய ஓக் மரங்கள், அவற்றின் கிளைகளிலிருந்து முனிவரின் சடையைப் போலத் தொங்கும் சாம்பல் நிறப் பாசி. மேடிசன் சதுக்கத்தின் மேற்கு ஓரத்தில் இரும்பு வேலைப்பாடு கொண்ட முகப்புடன் ஒரு மாளிகை நிற்கிறது. சார்ல்ஸ் கிரீன் என்ற பருத்தி வணிகர் போருக்கு முந்தைய பத்தாண்டில் கட்டிய வீடு அது. இன்று பக்கத்துத் தேவாலயத்துக்குச் சொந்தமாக இருக்கிறது. 1865 ஜனவரி 12 அன்று இரவு எட்டு மணிக்கு, அந்த வீட்டின் அறை ஒன்றில், இருபது கறுப்பினச் சமயத் தலைவர்கள் அமெரிக்க அரசின் போர்த் துறைச் செயலர் முன் அமர்ந்து, விடுதலை பெறும் மக்களுக்கு என்ன வேண்டும் என்பதைச் சொன்னார்கள். அவர்கள் கேட்டது நிலம்.

நிலம் என்றதும் எனக்கு ஆவணங்கள்தாம் முதலில் நினைவுக்கு வரும். என் தாத்தா வாழ்நாள் முழுவதும், விளைச்சலில் பங்கு தரும் வாரத்துக்கு உழுத நிலம் ஒரு நாளும் அவர் பெயருக்கு மாறவில்லை. அனுபோகம் ஒன்று, பட்டா வேறு என்பதைப் பள்ளிக்கூடத்துக்குப் போகும் முன்பே நான் அறிந்திருந்தேன். ஆகவே அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பற்றி எதைப் படித்தாலும், படைத்தலைவர்களையும் போர்க்களங்களையும் தாண்டி, அடிமைகளாக இருந்தவர்களின் கையில் கடைசியில் என்ன காகிதம் மிஞ்சியது என்ற கேள்வியிலேயே என் மனம் போய் நிற்கிறது. இந்தப் பதிவு அந்தக் காகிதங்களைப் பற்றியது.

சவானா அந்தக் கூட்டத்துக்கு முன்பே இரண்டு காட்சிகளைக் கண்டிருந்தது. 1859 மார்ச் மாதம் 2, 3 தேதிகளில், நகருக்கு வெளியே இருந்த குதிரைப் பந்தயத் திடலில், பியர்ஸ் பட்லர் என்ற தோட்ட முதலாளி தம் கடன்களை அடைப்பதற்காக 436 மனிதர்களை ஏலத்துக்குக் கொண்டுவந்தார். குதிரைகளுக்கான கொட்டடிகளில் அவர்கள் தங்க வைக்கப்பட்டார்கள். வாங்க வந்தவர்கள் பற்களையும் தசைகளையும் சோதித்துப் பார்த்தார்கள். விடாமல் மழை பெய்தது. இரண்டு நாள் ஏலத்தில் கிடைத்த தொகை மூன்று லட்சம் டாலருக்கும் மேல். விற்கப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் அந்த நாட்களை இன்றும் ‘கண்ணீர்க் காலம்’ என்றே குறிப்பிடுகிறார்கள். அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து, 1861 மார்ச் 21 அன்று, அமெரிக்க ஒன்றியத்திலிருந்து பிரிந்த தென் மாநிலங்கள் அமைத்த கூட்டமைப்பின் துணைத் தலைவர் அலெக்சாண்டர் ஸ்டீபன்ஸ் இதே நகரத்தில் உரையாற்றினார். கறுப்பினத்தவன் வெள்ளையனுக்குச் சமமானவன் அல்லன், அடிமைத்தனமே அவனுடைய இயல்பான நிலை என்ற கருத்தின் மீதே தங்கள் புதிய அரசின் மூலைக்கல் அமைந்திருக்கிறது என்று அவர் வெளிப்படையாகவே அறிவித்தார்.

இதை எடுத்துச் சொல்ல வேண்டிய தேவை இன்றும் இருக்கிறது. போர் நடந்தது மாநில உரிமைகளுக்காகத்தான், அடிமை முறைக்கும் அதற்கும் பெரிய தொடர்பு இல்லை என்று சொல்பவர்களை இந்த ஊரில் நானே பலமுறை சந்தித்திருக்கிறேன். 1860 டிசம்பர் 20 அன்று முதன்முதலில் ஒன்றியத்தை விட்டு வெளியேறிய தென் கரோலைனா, அதற்கான காரணங்களை நான்கு நாள் கழித்து எழுதி வெளியிட்டபோது, அடிமை முறையின் மீது வட மாநிலங்களுக்குப் பெருகிவரும் பகைமையையும், தப்பியோடிய அடிமைகளை அவை பிடித்துத் தர மறுப்பதையுமே முன்னிறுத்தியது. அந்த மாநிலத்தின் மக்கள்தொகையில் அப்போது பாதிக்கும் மேற்பட்டவர்கள் அடிமைகள். நாடு முழுவதும் சுமார் 40 லட்சம் பேர். போரைத் தொடங்கியவர்கள் தங்கள் காரணத்தைத் தங்கள் கையாலேயே எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கும்போது, அவர்களுடைய பேரப் பிள்ளைகளின் விளக்கம் நமக்கு எதற்கு?

நான்கு ஆண்டுப் போரில் மாண்டவர்கள் ஆறு லட்சத்துக்கும் மேல். ஏழரை லட்சம் வரை இருக்கலாம் என்பது அண்மைக்கால ஆய்வுகளின் கணிப்பு. அந்தப் போரின் முழு வரலாற்றையும் சொல்ல இங்கே இடமில்லை. 1863 ஜனவரி 1 அன்று ஆபிரகாம் லிங்கன் விடுதலைப் பிரகடனத்தை வெளியிட்டதையும், அதன் பின்னர் சுமார் 1,80,000 கறுப்பினத்தவர் வட மாநிலத் தரப்பான ஒன்றியப் படையில் சேர்ந்து போரிட்டதையும் மட்டும் சொல்லி, மீண்டும் சவானாவுக்கு வருகிறேன்.

தளபதி வில்லியம் ஷெர்மன் அட்லாண்டாவிலிருந்து கடற்கரை வரை தம் படையை நடத்திக்கொண்டு வந்து 1864 டிசம்பர் 21 அன்று சவானாவைக் கைப்பற்றினார். நகரத்தையும், 150 பீரங்கிகளையும், சுமார் 25,000 பருத்திப் பொதிகளையும் கிறிஸ்துமஸ் பரிசாக ஏற்றுக்கொள்ளும்படி லிங்கனுக்குத் தந்தி அனுப்பினார். அந்தக் காலத்தில் பருத்தியின் மதிப்பு அப்படிப்பட்டது. தென் மாநிலத் துறைமுகங்கள் முற்றுகையிடப்பட்டதால் இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகள் பஞ்சுக்குத் தவித்து இந்தியாவின் பக்கம் திரும்ப, நம் திருநெல்வேலிச் சீமையின் கரிசல் பருத்தியும் திடீரென்று விலை ஏறி, போர் முடிந்ததும் விழுந்தது. கரிசல் காட்டு விவசாயிகளுக்கு அந்த ஏற்றமும் இறக்கமும் யார் எதற்காகப் போரிட்டதால் வந்தன என்று தெரிந்திருக்க வழியில்லை.

ஷெர்மனின் படைக்குப் பின்னால் ஆயிரக்கணக்கான அடிமைகள் தோட்டங்களை விட்டு வெளியேறி நடந்து வந்தார்கள். படைக்கு அவர்கள் சுமையாகத் தெரிந்தார்கள். டிசம்பர் 9 அன்று, சவானாவை நெருங்கும் வழியில், எபனேசர் ஓடையைத் தன் படைவீரர்கள் கடந்து முடித்தவுடன், ஒரு ஒன்றியத் தளபதி மிதவைப் பாலத்தை இழுத்துவிட உத்தரவிட்டார். அக்கரை சேராமல் நின்ற ஆண்களும் பெண்களும் குழந்தைகளும் பின்னால் வந்துகொண்டிருந்த எதிரிக் குதிரைப் படைக்கு அஞ்சிக் குளிர்ந்த நீரில் குதித்தார்கள். பலர் மூழ்கினார்கள்; பலர் பிடிபட்டு மீண்டும் அடிமைகளானார்கள். இந்தச் செய்தி தலைநகரை எட்டிக் கண்டனங்கள் எழுந்தன. போர்த் துறைச் செயலர் எட்வின் ஸ்டான்டன் ஜனவரி மாதம் சவானாவுக்கு நேரில் வந்ததற்கு இதுவும் ஒரு காரணம். கறுப்பின மக்களிடமே கேட்டுவிடலாம் என்று அந்தக் கூட்டத்தைக் கூட்டியவரும் அவர்தான்.

இருபது பேரின் சார்பில் பேசியவர் காரிசன் ஃப்ரேசியர். வட கரோலைனாவில் பிறந்த, 67 வயது நிரம்பிய பாப்டிஸ்ட் போதகர். எட்டு ஆண்டுகளுக்கு முன்புவரை அவரும் அடிமை. பொன்னும் வெள்ளியுமாக ஆயிரம் டாலர் கொடுத்துத் தம்மையும் தம் மனைவியையும் தாமே விலைக்கு வாங்கியவர். எழுத்து வடிவில் கேள்விகள் ஒவ்வொன்றாக வாசிக்கப்பட்டன, அவர் சொன்ன பதில்கள் அப்படியே பதிவு செய்யப்பட்டன. அடுத்த மாதமே நியூயார்க் செய்தித்தாள் ஒன்று அந்தப் பதிவை முழுமையாக அச்சிட்டது. அடிமைத்தனம் என்றால் என்ன என்று கேட்டதற்கு, தடுக்க முடியாத வலிமையைக் கொண்டு, இன்னொரு மனிதனின் உழைப்பை அவன் இசைவில்லாமல் பெற்றுக்கொள்வதுதான் அடிமைத்தனம் என்று அவர் வரையறுத்தார். விடுதலை என்றால், எங்கள் உழைப்பின் பலனை நாங்களே அறுவடை செய்துகொள்ளக்கூடிய இடத்தில் எங்களை வைப்பது என்றார். உங்களை நீங்கள் எப்படிக் காப்பாற்றிக்கொள்வீர்கள் என்ற கேள்விக்கு, எங்களுக்கு நிலம் இருந்து, அதை எங்கள் உழைப்பால் உழுது பயிரிடுவதே சிறந்த வழி, அதை நாங்கள் விலைக்கு வாங்கிச் சொந்தமாக்கிக்கொள்ளும் வரை எங்களை நிலத்தில் வையுங்கள் என்பது அவருடைய பதில்.

இந்தக் கடைசி வாக்கியத்தை நான் பலமுறை படித்திருக்கிறேன். இனாமாகக் கொடுங்கள் என்று அந்த முதியவர் கேட்கவில்லை. இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாகக் கூலியின்றி உழைத்த ஒரு மக்கள் கூட்டத்தின் பிரதிநிதி, தவணையில் வாங்கிக்கொள்ள அனுமதி கேட்டார்.

வெள்ளையருடன் கலந்து வாழ விரும்புகிறீர்களா, தனியாகவா என்றும் கேட்டார்கள். தென் மாநிலங்களில் எங்கள் மீதான வெறுப்பு மறையப் பல ஆண்டுகள் ஆகும், ஆகவே தனியாக இருப்பதையே நான் விரும்புகிறேன், மற்றவர்கள் சார்பில் இதற்கு என்னால் பதில் சொல்ல இயலாது என்றார் ஃப்ரேசியர். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேட்டதில், பால்டிமோரில் சுதந்திர மனிதராகப் பிறந்த 26 வயது இளைஞர் ஜேம்ஸ் லிஞ்ச் மட்டும் சேர்ந்து வாழலாம் என்றார். முடிவில் ஷெர்மனையே அறையை விட்டு வெளியே போகச் சொல்லிவிட்டு, அவரைப் பற்றி இவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று ஸ்டான்டன் விசாரித்தார். அண்மைக்காலம்வரை சந்தையில் விலைபோனவர்களிடம், நாட்டின் புகழ்பெற்ற படைத்தலைவரைப் பற்றி அமைச்சர் ஒருவர் சாட்சியம் கேட்டு எழுதிக்கொண்டார்.

நான்கே நாட்களில், ஜனவரி 16 அன்று, ஷெர்மனின் 15ஆம் எண் சிறப்புக் களஆணை வெளியானது. சார்ல்ஸ்டனுக்குத் தெற்கே உள்ள தீவுகள், கடலிலிருந்து முப்பது மைல் உள்ளே வரை ஆற்றோரங்களில் கைவிடப்பட்டுக் கிடந்த நெல் வயல்கள், புளோரிடாவின் செயின்ட் ஜான்ஸ் ஆற்றங்கரை நிலங்கள் ஆகியவை விடுதலை பெற்ற மக்களின் குடியேற்றத்துக்கு ஒதுக்கப்பட்டன. ஒரு குடும்பத்துக்கு நாற்பது ஏக்கருக்கு மிகாத சாகுபடி நிலம். பணியில் உள்ள படை அலுவலர்களைத் தவிர வெள்ளையர் எவரும் அங்கே குடியிருக்கக் கூடாது. மொத்தம் சுமார் நான்கு லட்சம் ஏக்கர். கோவேறு கழுதையைப் பற்றி ஆணையில் ஒரு சொல்லும் இல்லை. படையில் உபரியாக இருந்த விலங்குகள் சில பிற்பாடு கொடுக்கப்பட்டதிலிருந்துதான் ‘நாற்பது ஏக்கரும் ஒரு கோவேறு கழுதையும்’ என்ற தொடர் மக்கள் வாயில் நிலைத்தது.

ஆணையின் வாசகத்தில் என் கண்ணில் உறுத்திய இடம் ஒன்று உண்டு. குடியேறும் குடும்பத்துக்குத் தரப்படும் எழுத்துப் பத்திரம், உரிமையை நாடாளுமன்றம் முறைப்படுத்தும் வரைக்குமான அனுபோக உரிமையை மட்டுமே அளித்தது. தாத்தா வீட்டுப் பேச்சுகளைக் கேட்டு வளர்ந்த எனக்கு அந்த ஒரு சொல்லைப் படித்தவுடனேயே வயிற்றைப் பிசைந்தது. உழலாம், விதைக்கலாம், அறுக்கலாம்; நிலம் உன்னுடையது என்று அந்தக் காகிதம் சொல்லவில்லை.

ஆயினும் மக்கள் நம்பினார்கள். அன்றிரவு கூட்டத்தில் இருந்த போதகர் யூலிசிஸ் ஹூஸ்டன் சவானாவுக்கு அருகிலிருந்த ஸ்கிடவே தீவுக்குத் தம் மக்களை அழைத்துச் சென்று, மனைகளை அளந்து குடியேற்றினார். குடியேற்றப் பொறுப்பை ஏற்ற தளபதி ரூஃபஸ் சாக்ஸ்டன் நேர்மையானவர். அரசு வாக்குத் தவறாது என்று தாமும் நம்பி மக்களையும் நம்ப வைத்தார். அந்த ஆண்டின் ஜூன் மாதத்துக்குள் சுமார் 40,000 பேர் அந்த நிலங்களில் குடியேறிப் பயிர் வைத்திருந்தார்கள். நாடாளுமன்றமும் மார்ச் 3 அன்று விடுதலை பெற்றோர் நலப் பணியகத்தை நிறுவும் சட்டத்தில், நாற்பது ஏக்கரை மூன்று ஆண்டுக் குத்தகைக்குத் தந்து, பிறகு விலைக்கு வாங்கிக்கொள்ள வழி செய்தது. ஃப்ரேசியர் கேட்டதும் ஏறக்குறைய அதுவே.

ஏப்ரல் 14 அன்று லிங்கன் சுடப்பட்டு மறுநாள் காலை இறந்தார். துணைத் தலைவராக இருந்த டென்னசிக்காரர் ஆண்ட்ரூ ஜான்சன் பதவிக்கு வந்தார். மே 29 அன்று அவர் வெளியிட்ட பொதுமன்னிப்பு, விசுவாசப் பிரமாணம் எடுத்துக்கொள்ளும் தென் மாநிலத்தவருக்கு, அடிமைகளைத் தவிர ஏனைய சொத்துகள் அனைத்தின் உரிமையையும் திருப்பித் தந்தது. பெரும் பணக்காரர்கள் தனியே விண்ணப்பித்து மன்னிப்புப் பெற வேண்டியிருந்தது. அவர்கள் கூட்டம் கூட்டமாக வாஷிங்டனுக்குப் போய் அதைப் பெற்றார்கள். பணியகத்தின் தலைவர் தளபதி ஆலிவர் ஹோவர்ட், மன்னிப்புப் பெற்றாலும் பணியகத்தின் வசமுள்ள நிலம் திரும்பாது என்று ஜூலையில் ஒரு சுற்றறிக்கை விடுத்துத் தடுத்துப் பார்த்தார். ஜான்சன் அதை ரத்து செய்யவைத்து, செப்டம்பரில் நிலங்களைத் திருப்பித் தரும் வேறொரு சுற்றறிக்கையை வெளியிடச் செய்தார்.

அந்தச் செய்தியை மக்களிடம் நேரில் சொல்லும் வேலையும் ஹோவர்டின் தலையிலேயே விழுந்தது. அக்டோபர் மாதம் தென் கரோலைனாவின் எடிஸ்டோ தீவில், ஒரு தேவாலயத்தில், அவர் பேச எழுந்தார். 1862இல் நடந்த போரில் வலது கையை இழந்த மனிதர் அவர். உங்கள் பழைய முதலாளிகளோடு ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள் என்பதைச் சொல்ல வந்தவர் தயங்கியபடி நிற்க, கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. ஒரு பெண் துயரப் பாடல் ஒன்றைத் தொடங்க, அவை முழுவதும் சேர்ந்து பாடியது. மாடத்திலிருந்து ஒருவர், ஜெனரல் ஹோவர்ட், எங்கள் நிலத்தை ஏன் பறிக்கிறீர்கள், அரசுக்கு எந்நாளும் உண்மையாக இருந்த எங்களிடமிருந்து எடுத்து எங்கள் பகைவருக்குக் கொடுக்கிறீர்களே, இது நியாயம் இல்லை என்று உரக்கக் கேட்டார். இதைப் பிற்காலத்தில் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதி வைத்தவரும் ஹோவர்டேதான்.

எடிஸ்டோ மக்கள் ஹென்றி பிராம், இஷ்மேல் மோல்ட்ரி, யேட்ஸ் சாம்ப்சன் ஆகிய மூவரைக் குழுவாக அமைத்து, ஹோவர்டுக்கும் குடியரசுத் தலைவருக்கும் மனுக்கள் எழுதினார்கள். எழுத்துப் பிழைகள் நிறைந்த அந்த மனுக்கள் இன்றும் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. ஹோவர்டுக்கு எழுதியதில் ஒரு பகுதியைத் தமிழில் தருகிறேன்.

“எங்கள் தீவின் நில உடைமையாளர்களை மன்னிக்கச் சொல்கிறீர்கள். போரில் நீங்கள் இழந்தது உங்கள் வலது கையை மட்டுமே. நீங்கள் அவர்களை மன்னிக்கலாம். என்னை மரத்தில் கட்டி வைத்து 39 கசையடி கொடுத்தவன், என் தாயையும் சகோதரியையும் துணி உரித்துச் சாட்டையால் அடித்தவன், அவன் பயிருக்கு அவன் சொல்லும் விலைக்கு நான் உழைத்தாலொழியத் தன் காலிக் குடிசையில்கூட என்னைத் தங்க விடாதவன், எனக்கென்று நிலம் இருந்தால் அவனோடு எந்தச் சங்காத்தமும் வைத்துக்கொள்ள மாட்டேன் என்று நன்றாகத் தெரிந்தே, எனக்கு நிலம் கிடைக்காதபடி மற்றவர்களோடு கூட்டுச் சேர்ந்தவன், அந்த மனிதனை என்னால் எளிதில் மன்னிக்க முடியாது.”

எங்கள் தந்தையரின் எலும்புகளைப் புதைக்கும் அளவு நிலம்கூட எங்களுக்குக் கிடைக்காமல் செய்யக் கூட்டுச் சேர்ந்திருப்பவர்களின் தயவில் நாங்கள் விடப்பட்டிருக்கிறோம் என்றும் அந்த மனு சொல்கிறது. ஜான்சன் மனம் மாறவில்லை. மறு ஆண்டுக்குள் பெரும்பாலான நிலம் பழைய முதலாளிகளிடம் போய்ச் சேர்ந்தது. ஒப்பந்தத்தில் கையெழுத்திட மறுத்தவர்களைப் படைவீரர்கள் வெளியேற்றினார்கள். சாக்ஸ்டனும் பதவியிலிருந்து நீக்கப்பட்டார்.

அரசாங்கம் தனிமனிதர்களுக்கு நிலத்தைத் தூக்கிக் கொடுப்பது முறையாகுமா என்ற வாதம் அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. அதே அரசாங்கம் 1862இல் வேறொரு சட்டத்தின் மூலம், மேற்கே, பூர்வகுடிகளிடமிருந்து பறித்த நிலத்தில் ஒரு குடும்பத்துக்கு 160 ஏக்கர் வீதம் ஏறத்தாழ இலவசமாகவே கொடுத்துக்கொண்டிருந்தது. ஒன்றியத்துக்கு எதிராக ஆயுதம் ஏந்தாத எவரும் கேட்கலாம், ஐந்து ஆண்டு குடியிருந்தால் போதும். அதே 1862இல் தலைநகர் வாஷிங்டனில் 3,000க்கும் மேற்பட்ட அடிமைகளை விடுவித்தபோது, தலைக்குச் சராசரியாக 300 டாலர் இழப்பீடும் கொடுத்தது. அந்த இழப்பீடு அடிமைகளை வைத்திருந்த முதலாளிகளுக்கு. அடிமையாக இருந்தவருக்கோ, நாட்டை விட்டு வெளியேற முன்வந்தால் மட்டுமே 100 டாலர் வரை. இந்த இரண்டு சட்டங்களையும் அருகருகே வைத்துப் பார்க்கும் எவரும் அந்த வாதத்தை மறுபடி என்னிடம் சொல்ல மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

நிலம் போனதும் என்ன ஆகும் என்பது ஃப்ரேசியருக்குத் தெரிந்திருந்தது. 1865 டிசம்பரில் அமெரிக்க அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் நிறைவேறி அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. அதே மாதம் தென் கரோலைனாவின் வெள்ளையர் சட்டமன்றம் இயற்றிய ‘கறுப்பர் சட்டம்’, கூலி ஒப்பந்தங்களில் கறுப்பினத்தவரை ‘வேலைக்காரர்’ என்றும் அமர்த்துபவரை ‘எஜமானர்’ என்றும் எழுதச் சொன்னது. விவசாய வேலை, வீட்டு வேலை தவிர வேறு தொழில் செய்ய அவர்கள் உரிமக் கட்டணம் கட்ட வேண்டும். வேலை ஒப்பந்தம் இல்லாமல் திரிபவர் நாடோடிக் குற்றவாளி. அவரைப் பிடித்துத் தோட்டத்தில் வேலைக்கு விடலாம். 13ஆம் திருத்தமே, குற்றத்துக்கான தண்டனையாக அன்றி எவரையும் அடிமையாக வைத்திருக்கக் கூடாது என்று ஒரு விலக்கோடுதான் எழுதப்பட்டிருந்தது.

இந்தச் சட்டங்கள் விரைவில் நீக்கப்பட்டாலும் அவற்றின் இடத்தை வாரச் சாகுபடி பிடித்துக்கொண்டது. அதன் இயக்கத்தை நம் ஊரார்க்கு விளக்கவே வேண்டாம். நிலம், குடிசை, விதை, ஏர் இழுக்கும் விலங்கு யாவும் முதலாளியுடையவை. விளைச்சலில் பாதி அவருக்கு. அறுவடை வரை மாவும் உப்பும் துணியும் கடையில் கடனுக்கு. அந்தக் கடனுக்கு வட்டி. வட்டிக்கு வரப்போகும் பயிரே ஈடு. கணக்குப் புத்தகம் முதலாளியின் கையில். பருத்தி விலை இறங்கிய ஆண்டுகளில் உழைப்பாளியின் பாதி முழுவதும் கடனுக்குப் போய், மிச்சம் அடுத்த ஆண்டுக் கணக்கில் ஏறும். ஆண்டு முடிவில் கணக்குத் தீர்க்கும் நாளில் என் தாத்தா எந்த முகத்தோடு வீடு திரும்புவார் என்று அப்பா சொல்லக் கேட்டிருக்கிறேன். ஜார்ஜியாக் கிராமங்களிலும் அதே முகங்கள் திரும்பியிருக்கும்.

நிலத்தை இழந்த பிறகும் அந்த மக்கள் தளர்ந்து உட்காரவில்லை என்பதைச் சொல்லாமல் விடுவது பெரும் அநீதியாகும். 1867இல் நாடாளுமன்றம் ஜான்சனின் தடுப்பதிகாரத்தை முறியடித்து மறுசீரமைப்புச் சட்டங்களை இயற்றியது. கறுப்பின ஆண்கள் வாக்களித்தார்கள். மறு ஆண்டு சார்ல்ஸ்டனில் கூடி, பெரும்பான்மைக் கறுப்பின உறுப்பினர்களுடன் தென் கரோலைனாவுக்குப் புதிய அரசியலமைப்பு எழுதிய மன்றம், எல்லாக் குழந்தைகளுக்கும் பொதுப் பள்ளி என்பதை அதில் சேர்த்தது. வெள்ளை ஏழைகளின் பிள்ளைகளும் அந்தப் பள்ளிகளால் பயன் பெற்றார்கள். அந்த மாநிலச் சட்டமன்றத்தின் கீழவையில் கறுப்பினத்தவரே பெரும்பான்மை. அவர்கள் ஒரு நிலக் குழுவை அமைத்து, அரசுப் பணத்தில் நிலம் வாங்கித் தவணை முறையில் மக்களுக்கு விற்றார்கள். அப்படி உருவான ஊர்களில் ஒன்று தன் பெயரையே ‘வாக்களிக்கப்பட்ட நிலம்’ என்று வைத்துக்கொண்டது. 14ஆம் திருத்தம் குடியுரிமையையும் சட்டத்தின் முன் சமத்துவத்தையும் தந்தது. 15ஆம் திருத்தம் நிறத்தின் காரணமாக வாக்குரிமையை மறுக்கலாகாது என்றது.

அதை முடித்துவைத்தது துப்பாக்கி. 1876 ஜூலையில் தென் கரோலைனாவின் ஹாம்பர்க் என்ற சிற்றூரில், கறுப்பினக் காவல்படையைச் சூழ்ந்த வெள்ளையர் கும்பல், பிடிபட்டவர்களுள் நால்வரைப் பெயர் சொல்லி அழைத்துச் சுட்டுக் கொன்றது. எவரும் தண்டிக்கப்படவில்லை. அந்த ஆண்டுத் தேர்தலில் ‘செஞ்சட்டைக்காரர்கள்’ என்ற வெள்ளையர் ஆயுதக் குழுவினர் துப்பாக்கியுடன் குதிரைகளில் வாக்குச்சாவடிகளைச் சுற்றி வந்தார்கள். மறு ஏப்ரலில் ஒன்றிய அரசு அந்த மாநிலத்தின் தலைமைச் செயலக வாசலிலிருந்து படைகளை விலக்கிக்கொண்டது.

இவ்வளவையும் நினைத்துக்கொண்டே, சவானாவிலிருந்து வடக்கே ஒரு மணி நேரத் தூரத்தில் உள்ள பியூஃபோர்ட் நகரத்துக்குக் காரை ஓட்டினேன். அங்கே வேறொரு வகைக் காகிதத்தின் கதை இருக்கிறது. 1861 நவம்பரிலேயே ஒன்றியக் கடற்படை அந்தப் பகுதியைப் பிடித்துவிட, வெள்ளை முதலாளிகள் அனைவரும் ஓடிப்போனார்கள். சுமார் பத்தாயிரம் அடிமைகள் தங்கிவிட்டார்கள். கிளர்ச்சி செய்த பகுதிகளில் நிலவரி வசூலிக்க 1862இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. ஓடிப்போனவர்கள் வரி கட்ட வரவில்லை. வரி பாக்கிக்காக நிலங்கள் ஏலத்துக்கு வந்தன. பெரும்பகுதியை அரசும் வட மாநிலத்தாரும் எடுத்தாலும், 1863 மார்ச் ஏலத்தில் சில தோட்டங்களின் முன்னாள் அடிமைகள் தங்கள் காசைச் சேர்த்துப் போட்டு, தாங்கள் அடிமைகளாக உழுத நிலத்தையே சட்டப்படி விலைக்கு வாங்கினார்கள். பின்னர் அரசு சிறு துண்டுகளாக அவர்களுக்கு விற்றது. ஷெர்மனின் சீட்டை வைத்திருந்து நிலத்தை இழந்தவர்களும் இருபது ஏக்கரை, ஏக்கருக்கு ஒன்றரை டாலர் வீதம், இந்த வரி நிலங்களில் வாங்கிக்கொள்ள 1866 ஜூலைச் சட்டம் வழி விட்டது.

அந்த வரி ஏலங்களில் ஒரு வீடும் விலைபோனது. பிரின்ஸ் தெருவில் இன்றும் இருக்கும் அந்த வெள்ளை வீட்டின் பின்புறக் குடிசையில் 1839இல் அடிமையாகப் பிறந்தவர் ராபர்ட் ஸ்மால்ஸ். 1862 மே 13 அன்று விடியும் முன், சார்ல்ஸ்டன் துறைமுகத்தில், ‘பிளான்டர்’ என்ற கூட்டமைப்புக் கப்பலைத் தலைவர் கரையில் உறங்கியபோது ஓட்டிக்கொண்டு, தலைவரின் தொப்பியை அணிந்து, கோட்டைகளுக்கு உரிய ஊதல் சைகைகளைச் சரியாகக் கொடுத்து, குடும்பத்தோடு ஒன்றியக் கடற்படையிடம் போய்ச் சேர்ந்த 23 வயது மாலுமி. அதற்குக் கிடைத்த பரிசுப் பணம் கையில் இருந்தது. தாம் பிறந்த வளாகத்தையே வாங்கினார். போருக்குப் பின் பழைய உடைமையாளர் தரப்பு வழக்குத் தொடுத்தது. ஜான்சனின் மன்னிப்பு இங்கே செல்லவில்லை. 1878ஆம் ஆண்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் வரி ஏலக் கிரயம் செல்லும் என்று ஸ்மால்ஸின் பக்கம் தீர்ப்பளித்தது. ஐந்து முறை நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த அவர், 1868இல் பொதுப் பள்ளிகளுக்காக வாதாடியதைப் போலவே, கறுப்பினத்தவரின் வாக்கைப் பறிக்க 1895இல் கூடிய அரசியலமைப்பு மன்றத்திலும் ஆறு கறுப்பின உறுப்பினர்களில் ஒருவராக நின்று வாதாடினார். வாக்குரிமை பறிபோனது. வீடு போகவில்லை, 1915இல் அந்த வீட்டிலேயே காலமானார்.

பாலத்தைக் கடந்தால் செயின்ட் ஹெலினா தீவு. போரின் நடுவிலேயே, 1862இல், விடுதலை பெற்றோர்க்கென்று தொடங்கப்பட்ட பென் பள்ளியின் கட்டடங்கள் ஓக் மரங்களுக்கு நடுவே இருக்கின்றன. பிற மாவட்டங்களில் வாரச் சாகுபடியில் மக்கள் மூழ்கியபோது, இந்தத் தீவில் பத்து ஏக்கர், இருபது ஏக்கர் வைத்திருந்த சிறு விவசாயிகள் தலைமுறை தலைமுறையாக நிலைத்திருந்தார்கள். நிலம் இருந்ததால் ஊர் கலையவில்லை. ஊர் கலையாததால் ஆப்பிரிக்கச் சொற்கள் கலந்த அவர்களுடைய ‘கல்லா’ (Gullah) என்ற மொழியும், வலை பின்னும் முறையும், புல்லில் கூடை முடையும் கைவேலையும் நிலைத்தன.

ஆனால் அந்த நிலமும் இப்போது கரைகிறது. பலர் உயில் எழுதாமல் இறந்ததால், பாகப் பிரிவினை ஆகாமல், நூறு வாரிசுகளின் கூட்டுச் சொத்தாக நிலம் கிடக்கிறது. எங்கோ நியூயார்க்கில் இருக்கும் ஒரு வாரிசின் பங்கை ஒரு நிறுவனம் வாங்கி, நீதிமன்றத்தின் மூலம் மொத்த நிலத்தையும் ஏலத்துக்குக் கொண்டுவர முடிந்தது. பக்கத்து ஹில்டன் ஹெட் தீவு விடுமுறை விடுதிகளும் கோல்ஃப் திடல்களுமாக மாறியதைப் பார்த்தவர்கள் இதைச் சொல்லும்போது குரல் தாழ்ந்துவிடுகிறது.

தீவின் சாலையோரத்தில் தக்காளியும் வெண்டைக்காயும் விற்றுக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவரிடம் காய் வாங்க நின்றேன். வெண்டைக்காயை நான் நுனி ஒடித்துப் பார்ப்பதைக் கண்டு சிரித்தார். அவர்களும் அப்படித்தான் பார்ப்பார்களாம். பேச்சு நிலத்துக்கு வந்தது. பின்னால் தெரிந்த பத்து ஏக்கரை அவருடைய பாட்டனாரின் தந்தை அரசிடமிருந்து விலைக்கு வாங்கினாராம். அந்தக் காகிதத்தின் நகலை வீட்டு பைபிளுக்குள், ஒரு தடித்த உறையில் வைத்திருப்பதாகச் சொன்னார். வெள்ளை முதலாளி இந்த நிலத்தை வரி கட்டாமல்தான் இழந்தான் என்று அம்மா சொல்லி வளர்த்தாராம். அதனால், ஆண்டுதோறும் வரிச் சீட்டு வந்த மறுநாளே, எவரையும் அனுப்பாமல், தாமே பியூஃபோர்ட் அலுவலகத்துக்குப் போய் நிலவரியைக் கட்டி, ரசீதை வாங்கி வந்து அதே உறைக்குள் வைத்துவிடுகிறார்.